அரைப்புள்ளி

மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழே
தேன்கடைக்கும் மொபைல் கவர் கடைக்கும் நடுவில்
ஆறுக்கு எட்டடி என் கடை.
மேலே லாரி போனால்
ஸ்க்ரூ டப்பாவுக்குள் சின்னதாய் ஒரு மழை.

பெல்சி வந்தது செவ்வாய்க்கிழமை.
ஹார்ட் டிஸ்கைக் காஸ் துணியில் சுற்றி
புண்ணுக்குக் கட்டுவதுபோல ஓரம் மடித்திருந்தாள்.
ரியாத்தில் ஒன்பது வருஷம் நர்ஸ்.
"ஃபார்மேட் பண்ணிட்டாரு. மச்சுல கெடந்தது.
மெயிலு எடுக்க முடியுமா?"
கணவர் எழுதியதா என்றேன்.
"அவரு எழுதினது எதுக்கு?
எனக்க மெயிலு. நான் அனுப்பினதெல்லாம்
அவருக்க பெட்டியிலதானே வந்து விழுந்திருக்கும்.
ஒவ்வொண்ணுலயும் கடைசி வரி மட்டும் பாருங்க,
அந்த மாசம் எத்தனை ரியாலுன்னு எழுதியிருப்பேன்."
அப்புறம் கண்ணாடிக்கு வெளியே
களியக்காவிளை பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு:
"பதினெட்டாம் தேதி குழித்துறை கோர்ட்டு.
வீடு அவருக்க அம்மை பேர்ல இருக்கு."

ஃபார்மேட் என்றால் அழிப்பதில்லை,
ரேஷன் பதிவேட்டைக் கிழித்தால்
தெருவில் ஆள் இல்லாமல் போய்விடுமா,
என்று எல்லாரிடமும் சொல்லும் வாக்கியத்தைத் தொடங்கி
டிஸ்கைத் திருப்பினேன்.
பாதியில் நின்றுவிட்டது வாக்கியம்.

மஞ்சள் ஸ்டிக்கர். நீல மை.
6-2-2012. ஃபார்மேட், விண்டோஸ். ரூ. 350.
ரூ-வுக்கு வால் நீட்டுவது
இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

அவள் போனபின் கேபிளை மாட்டினேன்.
பதினோரு மணி நேரம்.
நடுவில் இரண்டு தடவை கரண்ட் போனது.
யூபிஎஸ் கத்தும்போதெல்லாம்
அந்த மனிதரின் முகத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தேன்.
வரவில்லை. ஒரு குடை மட்டும் வந்தது.

பெயர் இழந்த கோப்புகள்
எண்ணோடு எழுந்து வந்தன.
திறந்தால்
md;Gs;s,
என்று தொடங்கியது முதல் கடிதம்.
பழைய எழுத்துரு. இன்றைய எந்தக் கணினிக்கும்
அது வெறும் குப்பை.
டி.டி.பி. சென்டரில் நாலு வருஷம்
கல்யாணக் கார்டு அடித்த விரலுக்குத் தெரியும்:
அரைப்புள்ளிதான் அங்கே
மெய்யெழுத்தின் தலையில் ஏறும் முழுப்புள்ளி.
அன்புள்ள. ஒரு கமா. பெயர் இல்லை.

கடைசி வரிக்குப் போக வேண்டுமென்றால்
மற்ற வரிகளைத் தாண்டித்தான் போக வேண்டும்.
கண்ணை மூடிக்கொண்டு தாண்ட
எனக்குத் தெரியவில்லை.
'பாத்ரூமுக்கு நீல டைல்ஸ் வேண்டாம், வழுக்கும்.'
'அத்தைக்கு முட்டு வலி,
படிக்குக் கைப்பிடி வையுங்க.
இந்த மாசம் ஆயிரத்து எண்ணூறு.'

எழுபத்திரண்டு கடிதம் கிடைத்தது.
முதல் பதினான்கு மாசம் இல்லை.
அவை கிடந்த இடத்தில்
நான் ஏற்றிய விண்டோஸ்
தன் பச்சைக் குன்றை விரித்துப் படுத்திருந்தது.
அஸ்திவாரத்துக்கு அனுப்பிய பணம் அதற்குக் கீழே.
கான்கிரீட்டிலிருந்துதான் என்னால்
வீட்டை மீட்க முடிந்தது.

பிரிண்ட் எடுத்து நூல் கோத்து வைத்தேன்.
வந்து பார்த்தாள். எண்ணினாள்.
கைப்பிடி வரியில் கொஞ்சம் நின்றாள்.
பில்லைப் பார்த்தாள்,
டிஸ்கின் ஸ்டிக்கரைப் பார்த்தாள்,
மறுபடி பில்லை.
நான் ஸ்க்ரூ டப்பாவை மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

"அன்னைக்கு அவரு என்ன சொன்னாரு?"
"உள்ளே ஏதாவது வேணுமான்னு கேட்டேன்" என்று
சொல்ல ஆசையாயிருந்தது.
கேட்கவில்லை நான்.
"ஒண்ணும் இல்ல, எல்லாத்தையும் அழிச்சிருன்னாரு.
அழிச்சேன்."

அவள் கோபப்பட்டிருந்தால் சுலபம்.
ஊசி போடுமுன் நரம்பைத் தேடுகிறவள்போல
நிதானமாக மேஜையைப் பார்த்து
என் பேனாவை எடுத்து
என் பக்கமே நீட்டினாள்.
"அதை அப்படியே எழுதித் தாங்க.
தேதி போட்டு."

எழுதினேன். ரூ-வுக்கு வால் நீட்டி.
மீதிச் சில்லறை கொடுத்தேன்.
அப்புறம் ஒரு காகிதம் கிழித்து
'18-ம் தேதி கடை லீவு' என்று
ஷட்டரில் ஒட்டினேன்.