ஒத்திவைக்கப்பட்டது

அக்டோபர் கூட்டத்தின் ஏழாவது பொருள்:
சி கட்டடம், இரண்டாம் மாடி, நடைபாதைக் கைப்பிடி.
துரு.
பதினெட்டாயிரத்து நானூறு டாலர்.
வேண்டும் என்றவர் இருவர், பிறகு பார்க்கலாம் என்றவர் மூவர்.
செயலாளர் நான். குறிப்பேட்டில் ஒரே சொல் எழுதினேன்:
ஒத்திவைக்கப்பட்டது.

ட்யூசானின் கிழக்கு ஓரத்தில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகள்.
சுவருக்கு எந்த நிறம்,
குப்பைத்தொட்டி எத்தனை மணிக்கு உள்ளே போகவேண்டும்,
வாசலில் எத்தனை கள்ளி,
எல்லாம் நாங்கள் ஐவர் வைத்த சட்டம்.
சம்பளம் கிடையாது.
டோனட் மட்டும் தலைவர் கிளெட்டஸ் தன் காசில் வாங்குவார்.

அதே மாதம்
பொருளாளர் மார்வா ஹின்ஷா
சேமநிதியிலிருந்து ஒன்பதாயிரத்து எழுநூறு எடுத்திருந்தாள்,
மகனைச் சேர்த்த மறுவாழ்வு மையத்துக்கு.
அது எங்களுக்குத் தெரியாது.
கைப்பிடிக்காகக் கை உயர்த்திய இருவரில்
அவள் ஒருத்தி என்பது தெரியும்.
செலவு என்று வந்தால் கணக்கைத் திறப்பார்கள்,
அகப்படுவோம் என்று தெரிந்தே
உயர்த்திய கை.

மூவரில் நான் ஒருத்தி.

பிப்ரவரியில் கைப்பிடி போனது.
பார்சல் கொண்டுவந்த ரூபென் எஸ்காலாண்டே
கைபேசியில் கதவு எண்ணைப் பார்க்க
ஒரு நொடி சாய்ந்தார்.
கீழே சரளைக்கல்.
பெட்டி உடைந்து சிதறியவை
யாரோ கேட்ட திரைச்சீலைக் கொக்கிகள்.

வக்கீல் டெல்ஃபின் யாஸி
மஞ்சள் தாளின் நடுவே கோடு கிழித்தார்.
"இந்தப் பக்கம் குற்றவியல்.
மனதில் என்ன இருந்தது என்று அரசு கேட்கும்,
நியாயமான ஐயம் மிஞ்சினால் விட்டுவிடும்.
அந்தப் பக்கம் உரிமையியல்.
செய்யவேண்டியதை ஏன் செய்யவில்லை என்று
அடிபட்டவர் கேட்பார்.
அங்கே தராசுத் தட்டு
ஒரு நெல்மணிக்குச் சாய்ந்தால் போதும்.
நீங்கள் அந்தப் பக்கம்.
பயப்படாதீர்கள், காப்பீடு இருக்கிறது."

கிளெட்டஸ் விட்ட மூச்சில் தாள் அசைந்தது.

"மார்வா?"

பேனா கோட்டைத் தாண்டிப் போனது.
இந்த வழக்குக்காகக் கணக்கைத் தோண்டியபோதுதான்
அவள் கிடைத்தாள்.
மாதம் இருநூறு வீதம்
திருப்பிப் போட்டுக்கொண்டிருந்ததும் கிடைத்தது.
திருப்பிப் போட்டால் திருட்டு இல்லையென்று ஆகாது.
பதினான்கு மாதம்.

காப்பீடு கொடுத்தது பதினோரு லட்சம்.
எங்கள் பையிலிருந்து போனது
பார்க்கிங் கட்டணம்.

சமரசம் பேச ரூபென்
எங்கள் கூட்ட அறைக்கே வருவதாகச் சொன்னார்.
இடத்தைப் பார்க்கவேண்டுமாம்.
வந்தார்.
வாசலில் மூன்று படி.
சக்கர நாற்காலி கீழே நின்றது.
சரிவுப்பாதை பற்றிப் பழைய குறிப்பேட்டில் தேடினேன்:
நான்கு வருடம் முன்பு, நான்காவது பொருள்,
அதே சொல், என் கையெழுத்தில்.
மேசையை வெளியே தூக்கிப்போட்டு
வெயிலில் உட்கார்ந்து பேசினோம்.
அவர் யாரையும் திட்டவில்லை.
தண்ணீர் கேட்டார்.

ஒத்தி என்றால் அடகும்தான்.
மீட்கும் நாள்வரை
பொருள் கடன் கொடுத்தவன் கையில்.
அன்று நாங்கள் அடகு வைத்தது
ஒருவன் முதுகெலும்பை.
அவனைக் கேட்காமல்.

மார்வாவின் வீட்டு முற்றத்தில் இப்போது களை,
முழங்கால் உயரம்.
விதிப்படி வாரத்துக்கு ஐம்பது டாலர் அபராதம்.
கதவில் ஒட்டியிருக்கும் ஆறு நோட்டீஸிலும்
கையெழுத்து என்னுடையது.

நேற்றிரவு கையுறை மாட்டிக்கொண்டு போனேன்.
நெருஞ்சி முள்ளாய் நிறைய இருந்தது.
இரண்டு பை நிரம்பப் பிடுங்கினேன்.
பூட்டிய வீட்டில் அனுமதியின்றி நுழைவது
கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று
டெல்ஃபினைக் கேட்கவில்லை.