இடது காலின் கணக்கு

முப்பத்துநாலு அங்குலம் சீட்டின் உயரம்.
தையற்கடை நாடாவால் அளந்த என் உட்கால்
இருபத்தாறரை.
கழித்தால் மிச்சம் ஏழரை.
ஜாதகத்தில் நம்பாத சனியை
மோட்டார் சைக்கிளில் நம்பவேண்டியதாயிற்று.

மலிவாய்க் கிடைத்ததும் அதனால்தான்.
கட்டாருக்குப் போன நெட்டையன் ஒருவன்
வந்த விலைக்குத் தள்ளிவிட்ட காட்டுப் பைக்.
ஸ்கூட்டி வாங்கேன் என்றார்கள் எல்லோரும்.
ஸ்கூட்டியின் விலையை ஒருவரும் விசாரித்ததில்லை.
இரத்தப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு
கொட்டாஞ்சேனையிலிருந்து பொரளைக்கு
நாளுக்கு ஆறு தடவை.
யாருடைய சீனியோ, யாருடைய கொழுப்போ,
குலுங்காமல் போய்ச் சேரவேண்டும்.

கொழும்பை நீங்கள் சந்திகளால் அறிவீர்கள்.
எனக்குத் தெரிந்தது அதன் சாய்வுகள்.
ஆமர் வீதி சிக்னலில் தார் இடப்பக்கம் சரியும்,
கிணற்றுக்குள் கால் விடுவதுபோல.
மூன்றடி தள்ளி, குழிக்கு ஒட்டுப்போட்ட ஒரு மேடு.
அதில் பெருவிரல் படும்.
ஊல்பெண்டால் ஏற்றத்தில் நிற்கவே கூடாது.
மருதானையில் நடைபாதை விளிம்பொன்று
எனக்கென்றே யாரோ கட்டியது.
சிவப்பு விழுமுன்னே
எங்கே நிற்பதென்று முடிவெடுத்துவிடுவேன்.
பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடிப்பான்.
அவனுக்கென்ன,
பிரேக் பிடித்தால் நின்றுவிடும்.

வைகாசி மழையில் ஒரு நாள்
ஆட்டோ ஒன்று என் மேட்டைப் பிடித்துக்கொண்டது.
விழுந்தேன்.
நின்றுகொண்டே விழுவது மிக மெதுவானது.
யோசிக்க நேரம் இருக்கும்,
செய்ய ஒன்றும் இராது.
பக்கக் கண்ணாடி போயிற்று, முழங்கை போயிற்று.
குழாய் ஒன்றும் உடையவில்லை.

பஞ்சிகாவத்தையில் இம்தாதின் கராஜ்.
"உங்கட காலை நீட்ட ஏலாது,
வண்டியைக் குறைப்பம்" என்றான்.
பின் சஸ்பென்ஷனின் இணைப்புத் தகடுகளைக் கழற்றி
நீளமானவற்றை மாட்ட, இரண்டங்குலம் இறங்கியது.
முன் ஃபோர்க்கையும் கிளாம்புக்குள் அதே அளவு ஏற்றினான்,
இல்லாவிட்டால் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுமாம்.
குஷனுக்குப் பக்கத்துக் கடை லயனல் பாஸ்.
தோலை உரித்துவிட்டு
பாண் அறுக்கிற மாதிரி ஸ்பஞ்சை அறுத்தார், ஒன்றரை.
தொடை ஒதுங்க ஓரத்தையும் செதுக்கினார்.
"நங்கி, இன்னும் அறுத்தால் பலகையிலதான் இருக்கவேணும்."
போதும் என்றேன். இடுப்பும் என்னுடையதுதானே.
சப்பாத்துக்கு ஓர் அங்குல அடி வைத்தாயிற்று.
ஏறி உட்கார்ந்தால் என் பாரத்துக்கு இன்னும் ஒன்று அமிழும்.
ஏழரையில் ஐந்தரை போக
மீதி இரண்டைக் குதிகால் தூக்கிச் சமாளிக்கலாம்.

பூரிப்பில் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு இறங்கினேன்.
வண்டி சாயவில்லை.
பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றது,
ஒரு கணம்,
பிறகு ஸ்டாண்ட் இல்லாத பக்கமாய் விழுந்தது.
இம்தாத் தலையில் கை வைத்தான்.
உடம்பைக் குறைத்தவன்
ஊன்றுகோலை மறந்துவிட்டான்.
அதையும் அறுத்து ஒட்டினான்.
வெட்டுப்பட்ட இரும்புத் துண்டை
சூடு ஆறியபிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
எதற்கென்று தெரியாது. இன்னும் இருக்கிறது.

போன கிழமை டிலக்சன் சாவி கேட்டான்.
ஆறடிக்காரன். அவனுடைய பைக் ஸ்டார்ட் ஆகவில்லை.
சந்திவரை போய்த் திரும்பி வந்தான்.
முழங்கால் ஹாண்டிலில் இடிக்குதாம்,
முதுகு கூனுதாம்.
"யார் இதை இப்படிக் கெடுத்து வைச்சது?"
சாவியை வாங்கிக்கொண்டேன்.

பெட்டியில் பதினாலு குழாய், பொரளைக்கு நேரமாயிற்று.
ஆமர் வீதியில் சிவப்பு.
இப்போது எங்கேயும் நிறுத்தலாம்தான்.
ஆனாலும் பழக்கத்தில்
அந்த ஒட்டுமேட்டுக்கே போய் நின்றேன்.
உள்ளங்கால் முழுதும் பட்டது.
பஸ்காரன் ஹோர்ன் அடித்தான்.