நாலு விநாடி, பதினொரு ஃபிரேம்

பக்கத்து மாகாணத்தைவிட அரைமணி முந்தி
மணியடிக்கும் தீவு நியூஃபவுண்ட்லாந்து.
கடிகாரம் ஒத்துவராதது எங்களுக்குப் புதிதல்ல.
ஆனாலும் அந்தப் பிப்ரவரி இரவு
செயின்ட் ஜான்ஸில், வலைக்கடையின் மேல்மாடியில்,
ஹீட்டர் கனைத்துக்கொண்டிருக்க,
இரண்டுமுறை பின்னால் ஓட்டிப் பார்த்தேன்:
கேள்வி வருமுன்னே
சைலஸ் கீப்பிங் பதில் சொல்லிவிடுகிறார்.

உதடு அசைந்து மூடி,
தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கி,
தொப்பி மடிக்குப் போனபிறகு
வக்கீல் பெண்ணின் குரல் சாவகாசமாய் வருகிறது:
“அமோனியா வாடை முதலில் எப்போது அடித்தது?”

மீன் ஆலைக் குளிர்கிடங்கில் குழாய் வெடித்து
மூன்று பேர் போன வழக்கு.
சர்ச் கூடத்தில் விசாரணை.
காலை ஒன்பதுக்கு கேமராவையும் ஒலிப்பெட்டியையும்
ஒரே டைம்கோடில் முடிந்துவிட்டு
லியாண்டர் பியர்சி தேநீர் குடிக்கப் போயிருக்கிறான்.
பெட்டியில் அவன் வைத்தது முப்பது.
கேமராவில் இருந்தது இருபத்தொன்பது புள்ளி ஒன்பது ஏழு.
ஆயிரத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான்.
பத்து மணிக்கு அது
மூன்று விநாடி பதினெட்டு ஃபிரேம்.

இந்த உடைந்த எண் ஏனென்றால்,
கறுப்புவெள்ளை குடியிருந்த வீட்டுக்குள்
ஒருநாள் நிறம் வந்தது.
கூட ஒருத்தருக்கு இடம்விட
நொடி கொஞ்சம் ஒருக்களித்துப் படுத்தது.
இன்னும் நிமிரவில்லை.

ஒளிபரப்புக்காரர்களுக்கோ மணிக்கணக்கு நேராக வேண்டும்.
அதனால் நிமிடம் பிறக்கும்போதெல்லாம்
சுழியத்தையும் ஒன்றையும் தாண்டி
இரண்டிலிருந்து எண்ணுவார்கள்,
பத்தாம் நிமிடங்களுக்கு மட்டும் விலக்கு.
புதிதாய் வருகிறவர்கள் பதறுவார்கள்:
“அந்த ரெண்டு படம் எங்கே?”
படம் எங்கும் போகவில்லை. எண்தான் போயிற்று.
பதின்மூன்றாம் மாடி இல்லாத ஓட்டலில்
எந்த மாடியும் இடிந்துவிடுவதில்லை.

ஒலியின் கணக்கைத் திருத்தி
துண்டு துண்டாக இழுத்தேன்.
தண்ணீர் டம்ளர் மேசையைத் தொடும் ‘டக்’
டம்ளர் மேலேயே விழுந்தது.
குரல் உதட்டுக்குத் திரும்பியது.

இப்போது அவள் கேட்கிறாள்:
“வெளிக்கதவைப் பூட்டச் சொன்னது யார்?”

சைலஸ் பேசவில்லை.
திரையில் ஒலிக்கோடு படுத்தே கிடக்கிறது.
இன்னும் பிசகு இருக்கிறது என்று நினைத்தேன்.
பின்வரிசையில் யாரோ இருமுகிறார்;
அதே ஃபிரேமில் ஒரு கை வாய்க்குப் போகிறது.
ஒத்துத்தான் இருக்கிறது.

எண்ணினேன்.
நாலு விநாடி, பதினொரு ஃபிரேம்.
பிறகு,
“நான்தான்.”

காலையில் டொராண்டோவிலிருந்து தயாரிப்பாளர் கூப்பிட்டார்.
“நல்லா இருக்கு. அந்த ஓரிடத்தில் மட்டும்
சிங்க் விட்டுப்போயிருக்கு, இழுத்து மூடிடு.”
விட்டுப்போகவில்லை என்றேன்.
“அப்போ என்ன அது?”
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
ஜன்னலில் உப்பும் பனியும்.
மூடமாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

வசந்தத்தில் டென்மார்க்குக்கு ஒரு பிரதி போயிற்று.
அங்கே நொடிக்கு இருபத்தைந்து.
அவர்கள் கணக்கில் அது நூற்று ஒன்பது ஃபிரேம்,
என்னுடையதில் நூற்று முப்பத்தொன்று.
சைலஸ் வாய் திறக்க எடுத்துக்கொண்டது
இரண்டிலும் அவ்வளவேதான்.