ஒரே மூஞ்சி

காசிமேட்டில் ஒரு ஐஸ் ஃபேக்டரியின் மாடியில்
ஒட்டுப்பலகையால் ஒரு விண்கலம் வைத்திருந்தோம்.
மூன்று நாற்காலி, நாற்பத்தொரு பொத்தான்,
ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில்
வட்டமாக வெட்டி ஒட்டிய கறுப்புக் காகிதம்.
வாடகை குறைவு, அதனால்தான் அங்கே.
அலுவலகக் குறிப்பில் மட்டும்
"அதிர்வுச் சூழல்" என்று எழுதினேன்.
பொய்யில்லை. கீழே கம்ப்ரசர் ஓடும்போது
எங்கள் விண்கலம் மெய்யாகவே நடுங்கும்.
மீன் ஏலத்தின் கூச்சலைத் தாண்டிக்
கேட்கிறதா என்று பார்த்துத்தான்
எச்சரிக்கை மணியின் சுருதியை வைத்தேன்.

காற்றடைத்த கையுறைக்குள் விரல்
விரலாக இருப்பதில்லை.
அதைச் சோதிக்க ஆள் தேடினேன்.
பெங்களூரிலிருந்து வந்த விமானிகள்
மரியாதையானவர்கள்.
தவறாக அழுத்திவிட்டு
"சாரி, என் தப்பு" என்றார்கள்.
அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு
என்னால் எதையும் திருத்த முடியாது.

தேசப்பனைக் கூப்பிட்டது அதற்குப் பிறகு.
ராத்திரி இரண்டு மணியிலிருந்து
பாளம் பாளமாக ஐஸை இழுத்து
அரவையில் தள்ளுகிறவர்.
வேலை முடிந்து வரும்போது அவர் கையே
ஒரு கையுறை.
லுங்கியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.
மணியை அடித்தேன்:
"அழுத்தம் குறைகிறது. பதினொன்றை மூடுங்கள்."
பன்னிரண்டை மூடினார்.
மறுபடியும். மறுபடியும் பன்னிரண்டு.
மன்னிப்புக் கேட்கவில்லை. என்னை முறைத்தார்:
"இன்னாம்மா இது,
ரெண்டும் ஒரே மூஞ்சியா கீது."

மேலே எழுத்து இருக்கிறதே என்றேன்.
இரண்டு வருடம் பயிற்சி தருவார்கள் என்றேன்.
"தூங்கி எந்திரிச்சா?" என்றார்.
"பொகை வந்து கண்ணு எரிஞ்சா?
அப்போ எவன்மா எழுத்து படிப்பான்?"

கீழே கூட்டிப்போனார்.
அம்மோனியாக் குழாய்கள். மூன்று வால்வு.
மூன்றுக்கும் ஒரே பச்சை, ஒரே சக்கரம்.
நடுவில் இருந்ததில் மட்டும்
ஒரு புடவைக் கிழிசல், ஏழெட்டு முடிச்சு,
எண்ணெயில் ஊறிக் கறுத்துப்போய்.
"வூட்டுக்காரி பொடவ.
கரண்ட் இல்லாத அன்னிக்கு நெடி அடிச்சுது.
மூக்கப் பொத்திக்கினு கைய வுட்டேன்.
துணி பட்டுச்சு, மூடிட்டேன்."
முடிச்சுப் போடத் தோன்றியது ஏன் என்று
அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
இடது கண்ணோரம் தோல் வெளுத்திருந்தது.

விண்கலத்தில் துணி கட்ட முடியாது.
தீப்பிடிக்கும், நூல் பிரிந்து மிதக்கும்,
படிவத்தில் அதற்குக் கட்டமும் கிடையாது.
பதினொன்றின் தலையில் மூன்று மேடு கேட்டேன்,
ஒவ்வொன்றும் மூன்று மில்லிமீட்டர்.
கூட்டத்தில் ஒருவர், நல்ல மனிதர்தான், சிரித்தார்:
"மேடம், இவங்க பொறுக்கியெடுத்த ஆளுங்க.
தப்புப் பண்ண மாட்டாங்க."
"அவங்க பண்ண மாட்டாங்க சார். பொத்தான் பண்ணும்."
எடைக் கணக்குக்காரர்கள் இரண்டு தந்தார்கள்.
சண்டை போட்டு இரண்டரை.
அறிக்கையில் "பயனாளர் பிழை" என்பதை அடித்துவிட்டு
"வடிவப் பிழை, எங்களுடையது" என்று எழுதினேன்.
தேசப்பனைச் "சோதனையாளர் 14" என்றுதான்
போட விட்டார்கள்.

இரண்டரை மில்லிமீட்டர் போதுமா, தெரியாது.
பதினொன்றை யாரும் தொடாமலே
திரும்பி வந்துவிட்டால் சந்தோஷம்.
அப்போதும் தெரியாது.

தண்டையார்பேட்டையில் என் வீட்டில்
கட்டில் தலைமாட்டில் ஆறு சுவிட்ச்,
வரிசையாக, வெள்ளையாக.
புழுக்கத்தில் பாதித் தூக்கத்தில் எழுந்து
ஒன்பது வருஷமாக
ஃபேனுக்குப் பதில் லைட்டைப் போடுகிறேன்.
போர்வைக்குள்ளிருந்து கணவர் கேட்கிறார்,
"நீ ஆபீஸ்ல என்ன வேலைதான் பாக்குற?"
கண் கூசச் சுவரைப் பார்த்தபடி நிற்கிறேன்.
பழைய புடவை ஒன்று அலமாரியில் கிடக்கிறது.
விடிந்தால் மறந்துவிடுவேன்.