லிஃப்ட் வேலை செய்யாது

அங்கே இரவு எட்டு, இங்கே மாலை ஐந்தரை.
கம்பெனி பஸ் தாமதிக்காத நாளில்
பூட்ஸைக் கழற்றாமலே கட்டில் விளிம்பில் உட்கார்ந்து
தலைப்புப் பாட்டைப் பிடித்துவிடுவோம்.
குவைத், மெஹ்பூலா. எட்டுக் கட்டில், ஒரு டிவி.

நாடகத்தின் பெயரே 'லிஃப்ட் வேலை செய்யாது'.
குடியிருப்புச் செயலாளர் தணிகாசலம்
தினமும் எதையாவது தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறுவார்:
கேஸ் சிலிண்டர், மாமியாரின் தையல் மெஷின்,
ஒருமுறை மாமியாரையே.
மூன்றாம் மாடித் திருப்பத்தில் நின்று
"இருக்கேன்" என்பார்.
யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.
அதற்குத்தான் சிரிப்போம்.
கண்ணாடிப் பஞ்சு அரிக்கும் முழங்கையைச் சொறிந்தபடி
மருதையன் கட்டிலிலிருந்து விழுந்தே சிரித்திருக்கிறான்.

முந்நூற்றுச் சொச்சம் எபிசோடில்
(சம்பளத் தகராறாம்)
வேறொருவர் படியேறி வந்தார்.
கீழே எழுத்து ஓடியது: இனி தணிகாசலமாக இவர்.
கோமளா கண்ணிமைக்காமல் காபி கொடுத்தாள்.
அதே கட்டம்போட்ட சட்டை,
தோளில் பிரித்துத் தைத்த தடம்.
மூன்றாம் மாடியில் "இருக்கேன்" என்றார், சரியாகவே சொன்னார்.
நெய்னா முகம்மதுதான் கண்டுபிடித்தான்:
"இவன் ஏறலண்ணே. கட் பண்ணி அங்க நிக்க வெச்சிருக்கான்."
சாரம் கட்டுகிறவன்.
ஏறி வந்தவன் மூச்சு அவனுக்குத் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கொருமுறை
திருச்சியில் நானும் அப்படித்தான் இறங்குகிறேன்.
மகன் பார்க்கிற பார்வையில்
கீழே எழுத்து ஓடாததுதான் குறை.

பிறகு என்னென்னவோ நடந்தது.
வாட்ச்மேன் கோடீஸ்வரன் பிள்ளையானான்.
கோமளா அமெரிக்கா போய்விட்டதாக
மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.
பழமொழி பேசுகிற ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள்.
பின்னணியில் சிரிப்புச் சத்தத்தைக் கூட்டினார்கள்.
ஒரு செவ்வாய்க்கிழமை
லிஃப்ட் வேலை செய்தது.
கதவு திறந்து, உள்ளே விளக்கெரிந்து,
எல்லோரும் ஏறிக்கொண்டு கையசைத்தார்கள்.
அறையில் யாரும் பேசவில்லை.
எபனேசர் எழுந்துபோய் அரிசி களைந்தான்.
மறுநாள் ஐந்தரைக்கு கிரிக்கெட் ஓடியது.

நான் மட்டும் போனில் பார்த்தேன்.
ஏன் என்று அறையில் சொல்லவில்லை.
இங்கே ஏழரைக்கு மங்கையர்க்கரசி கூப்பிடுவாள்
(அந்தச் சொல் வேண்டாமென்று 'ஏழே கால் தாண்டி' என்பாள்).
ஸ்கூல் ஃபீஸ், நகைக்கடன் வட்டி, போர்வெல்:
மூன்றும் நாலு நிமிஷத்தில் தீர்ந்துவிடும்.
மீதி நேரத்துக்கு எங்களிடம் இருந்தது
தணிகாசலம்தான்.

ரிஃபைனரி ஷட்டவுன் வந்தது. தினமும் ஓவர்டைம்.
"பாத்தீங்களா?" என்பாள்.
"பாத்தேன். நீ?"
"நானுந்தான்."
இப்படியே ஒரு மாசம்.

ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் சொல்லிவிட்டேன்:
"கிரைண்டரைத் தூக்கிட்டு ஏறுனாரே இன்னிக்கு…"
லிஃப்ட் ஓட ஆரம்பித்து மாசம் இரண்டாகிவிட்டது.
இப்போதெல்லாம் யாரும் ஏறுவதில்லை.

அவள் பக்கம் வேறேதோ நாடகத்தின்
அழுகை கேட்டுக்கொண்டிருந்தது.
சத்தத்தைக் குறைத்தாள்.
"ஆமா," என்றாள்,
"கல்லையாவது தனியா எடுத்துட்டு வரக் கூடாதா அந்த மனுஷன்?"

அதைப் பற்றி அப்புறம் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.
நாடகம் போன மாசமே முடிந்துவிட்டதென்று
பஸ்ஸில் யாரோ சொன்னார்கள்.
அந்த வாரம் தணிகாசலம்
ஒரு சோபா, இரண்டு தண்ணீர்க் கேன், அரைமூட்டை சிமெண்ட் ஏற்றியிருந்தார்.

நேற்று பீரோ.
"எதுவரைக்கும் வந்திருக்கார்?"
"மூணாம் மாடி. திருப்பத்துல மாட்டிக்கிச்சு."
"பழைய ஆளா, புது ஆளா?"
"பழைய ஆள்."
"அப்ப மூச்சு வாங்கும்.
கொஞ்சம் நிக்கட்டும்."

மேல்கட்டிலிலிருந்து மருதையன்
விளக்கை அணைக்கச் சொன்னான்.
பீரோ இன்னும் திருப்பத்தில்தான் இருக்கிறது.