பால்மாப் பேணி

சீனிப் போத்தலில் போனைச் சாய்த்துவைத்து
டூபுவின் படத்தை நாலாம் தடவை பார்க்கிறாள் ஹம்தா.
ஆறு கால். நாவல்பழ நிறத்தில் உடம்பு.
தும்மினால் காதிலிருந்து நுரை வரும்.
மலைக்கு அப்பாலிருந்து வழிதவறி வந்த அதற்கு
ஒரு சிறுமி தினமும் பாதி பணிஸ் கொடுக்கிறாள்.
இருவரும் பேசுவது சென்னைத் தமிழ்.
"நீ என் பிரெண்டுதானே?" என்று டூபு கேட்டதும்
படத்துச் சிறுமிக்கு முன்பாக
எங்கள் வீட்டிலிருந்து பதில் போகும்:
"ஓமோம், நான் உண்ட கூட்டாளிதான், அழாத."

நான் அப்போதுதான் வந்திருப்பேன்.
மூன்று முறை சவர்க்காரம் போட்டும் போகாத மணம்.
பிரதேச சபையின் சிவப்பு ட்ரக்டர்,
விடிய ஐந்தரைக்கு நிந்தவூர்த் தெருக்களில் ஏற்றத் தொடங்கினால்
பத்து மணிக்குப் பள்ளக்காடு.

"வாப்பா, ஒங்கட யானைக்கு என்ன பேர்?"

ஒன்றா புள்ள? சில நாள் பதினேழு நிற்கும்.
என் ட்ரக்டர் சத்தம் அவற்றுக்குத் தெரியும்,
வளைவில் கியர் மாற்றும்போதே
காதை விரித்துக்கொண்டு கிட்ட வந்துவிடும்.
இவ்வளவுதான் சொன்னேன்.
அடுத்த நாள் மூன்றாம் வகுப்பு முழுக்கப் பேச்சு,
ஹம்தாட வாப்பாக்குப் பதினேழு டூபு.

சொல்லாமல் விட்டது:
பெட்டியைத் தூக்கிக் கொட்டியதும்
மீன் கழுவிய சொப்பிங் பையை
முடிச்சோடு விழுங்கும் வாய்.
லத்திக்குள் லன்ச் சீட்,
கடைப் பெயர்கூட அழியாமல்.
போன பெப்ரவரியில் ஒன்று படுத்தது, எழும்பவில்லை.
வயிற்றைத் திறந்த டாக்குத்தர்
கையுறையைக் கழற்றாமல் கொஞ்ச நேரம்
என் ட்ரக்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

படத்தில் ஓர் இடம் வரும்.
களஞ்சியத்தை உடைத்துத் தின்ற டூபுவை
ஊரே தடியோடு துரத்த,
சிறுமி குறுக்கே நிற்பாள்.
ஹம்தா அங்கே போனை நிறுத்துவாள்.
"வேளாம வெட்டுற நேரம்
எங்கட வயல் பக்கமும் வெடி போடுறாங்கதானே வாப்பா?
குறுக்க ஆரு நிக்கிற?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் அடுக்களையில் சண்டை.
பப்பாசித் தோல், வத்தகத் தோல், கீரைத் தண்டு
எல்லாம் அவளுக்கு வேண்டுமாம்.
உம்மாவின் வாளியிலிருந்து பொறுக்கி,
கழுவி (குப்பையைக் கழுவியது எங்கள் வீட்டில் அவள்தான் முதல்)
பால்மாப் பேணியில் அடைத்துத் தந்தாள்.
"பையில கட்டல்ல. பேணியத் திருப்பிக் கொண்டுவரணும்."

ஒரு யானையின் கடைவாய்க்கும் காணாது அது.
கொட்டும் இடத்துக்கு முப்பது அடி தள்ளி
வீரை மரத்தடியில் கவிழ்த்தேன்.
பெட்டியில் நின்ற அசனார் விழுந்து விழுந்து சிரித்தான்.
பெரியவை ஒன்றும் திரும்பவில்லை,
அவற்றின் கண் ட்ரக்டரில்.
ஒரு குட்டி மட்டும்
தாயின் வயிற்றுக்கடியிலிருந்து விலகி வந்து
வத்தகத் தோலை எடுத்தது.
எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டது.

"திண்டிச்சா?"
"தலையில வெச்சிச்சு."
பேணி கைதவறி உருள உருளச் சிரித்தாள்.
"டூபுவும் பணிஸை முதல்ல தொப்பியாத்தான் போட்டது வாப்பா!
நீங்க படத்தப் பாக்கவே இல்ல."

உண்மைதான், ஒருநாளும் முடிவுவரை பார்த்ததில்லை.
இன்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.
மலையேறிப் போகிறது டூபு,
திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு.
போவதற்கு ஒரு காடு இருக்கிறது அதற்கு.
ஹம்தா வழக்கம்போல அழுதாள்.
நான் எழும்பிப் போய்ப் பேணியைக் கழுவிக்
கவிழ்த்துவைத்தேன்.