தண்ணி மாடியில கீது

இந்த லாட்ஜில் ராத்திரி ஷிப்டு பார்க்கிறவன் நான்.
பேர் ஏழுமலை.
பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்சந்து,
பகலெல்லாம் வெயில் தின்ற சுவர்
பதினோரு மணிக்கும் அனல் கக்கும்.
நாலு மாடி, முப்பத்தொரு ரூம்,
ஒரு லிஃப்டு. அது ஓடாது.

பதினாலில் முர்ஷிதாபாத் குடும்பம்:
நமிதா மண்டல், அவள் புருஷன்,
வாடகைக்கு எடுத்த ஸ்டவ், ஒரு மூட்டை அரிசி.
வந்த அன்றைக்கே
போனை என் வாய்க்கு நேராக நீட்டினாள்,
குடித்திருக்கிறேனா என்று பார்க்கும் போலீஸ் மாதிரி.
போன் பேசியது:
"வணக்கம் ஐயா. தங்களின் பெயர் யாது?"
தூக்கிவாரிப் போட்டது.
பெத்தவள்கூட என்னைத் தங்கள் என்றதில்லை.

சொன்னேன்.
அது என் பேரைப் பிரித்து, எண்ணிப் பார்த்து,
ஏழு மலைகளாக அவளிடம் ஒப்படைத்தது.
அன்றிலிருந்து நான் பஹார் தா.
மலை அண்ணன்.
எடை ஐம்பத்திரண்டு கிலோ.

மே மாசம். மூன்றாம் நாள்
குழாயில் வெறும் காற்று.
காலிக் குடத்தோடு இறங்கி வந்தாள்.
"தண்ணி மாடியில கீது" என்றேன் போனுக்குள்.
எங்க பக்கம் எல்லாமே கீது:
வேலை கீது, கடன் கீது,
காட்பாடியில தங்கச்சி கீறா.
போனுக்கு அது தெரியவில்லை.
கொஞ்சம் யோசித்து என்னவோ சொன்னது.
அவள் என்னைப் பார்த்தாள்,
மேலே பார்த்தாள்,
சத்தம் போடாமல் படியேறினாள்.

பழைய பேச்செல்லாம் அதில் சேர்ந்திருக்குமாம்.
திருப்பூரில் பனியன் தைத்துத் தமிழ் கற்ற
இருபதாம் ரூம் பையன் மறுநாள் படித்துச் சொன்னான்:
"மாடியில் தண்ணீரின் பாட்டு இருக்கிறது."

அப்புறம் திருந்திவிட்டேன்.
நீர் மேல்தளத்தில் உள்ளது.
மின்சாரம் தடைபட்டுள்ளது.
சுத்தமாகச் சொன்னால் சுத்தமாகப் போய்ச் சேர்ந்தது.
வீட்டில் ஒருநாள் வாய் தவறி
"குழம்பில் உப்பு குறைவாக உள்ளது" என்றேன்.
கன்னியம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.
"இன்னாய்யா, எலக்சன்ல நிக்கப் போறியா?"
மகள் சிரித்துச் சிரித்துப் புரையேறினாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
பத்தே நாளில் ஒரு மெஷின்
என் நாக்கைத் துவைத்துக் காயப்போட்டிருந்தது.

பதினேழாம் நாள் ராத்திரி
ரிப்போர்ட்டும் அதே போனுக்குத்தான் வந்தது,
டாக்டர் தூங்குகிற நேரத்தில்.
படியில் உட்கார்ந்து விரலால் தொட்டாள்:
இங்கிலீஷ் வங்காளமானது.
திரும்பத் தொட்டாள்: இங்கிலீஷ்.
திரும்ப.
ஏதாவது ஒரு பாஷையில்
வேறு மாதிரி எழுதியிருக்கும் என்பதுபோல.
தோஹாவில் கிரேன் ஓட்டும் மகன் கூப்பிட்டான்.
அவன் முதுகுக்குப் பின்னால்
ஊர் முழுக்க விளக்கு.
பேச்சு நடுவில்
பாதி திறந்த வாயோடு அப்படியே நின்றான்.
பிறகு அந்தக் கறுப்பு.
சார்ஜ் தீர்ந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து
கவுன்டரில், காசு வந்தால் கத்துகிற பெட்டி
"அறுநூறு ரூபாய் பெறப்பட்டது" என்றது,
கல்யாண வீட்டுக் குரலில்.
வயரைப் பிடுங்கினேன்.

எந்தத் தமிழில் கேட்பது?
"இன்னாம்மா" என்றேன்.

முகத்தைத் துடைக்கவில்லை.
குடத்தை எடுத்து நீட்டினாள்.
"பஹார் தா," என்றாள்,
"கான்."

கான்.
கானம் என்று நமக்கும் ஒன்று உண்டே.
வாங்கிக்கொண்டு ஏறினேன், நாலு மாடி.
மூடியைத் தள்ளி
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
அடியில் ஒரு சாண்
கீது.